எலிசபெத் சிம்மர்மனும் என் அப்பாவின் சுவெற்றரும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, நீரிழிவு, இரத்த அழுத்தம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றில் ஒன்றைப் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். வைத்தியராகிய பழைய மாணவியிடம் வேறு எதைக் கேட்பது? ஆனால் அவற்றைச் சொல்ல உங்கள் ஒவ்வொருவருக்கும் ஊருக்கு ஒரு வைத்தியர் இருக்கிறார். நான் எழுத விரும்புவது, கம்பளி நூலும் இரண்டு ஊசியும் வைத்துக்கொண்டு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஒரு பெண்மணியின் கதையை. அவர் எமது ஊருக்கு வந்ததில்லை. எமது பாடசாலையின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் எட்டாம் வகுப்பில் மனையியல் ரீச்சர் என் கையில் தந்த ஊசியை முப்பது வயதுக்குப் பிறகு மீண்டும் எடுக்க வைத்தவர் அவர்தான்.

என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும். அது 1993. மின்சாரம் இல்லை, கம்பளி நூல் இல்லை, பின்னல் ஊசியும் இல்லை. சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி, நுனியைக் கல்லில் தேய்த்து, அதையே ஊசியாக வைத்திருந்தோம். பழைய சுவெற்றர் ஒன்றைப் பிரித்தெடுத்த நூலைப் பத்துப் பேர் பங்கு போட்டோம். சுருண்டு சுருண்டு நின்ற அந்த நூலில் கைக்குழந்தைக்கு ஒரு தொப்பி பின்ன வேண்டும். இரவில் ஜாம் போத்தல் விளக்கின் அருகே இருந்து பின்னினோம். என் தொப்பி எந்தக் குழந்தையின் தலைக்கும் பொருந்தவில்லை. 1995இல் இடம்பெயர்ந்தபோது அந்த ஊசிகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. அதன் பிறகு மருத்துவப் படிப்பு, கனடா, பரீட்சைகள், இரவுக் கடமை. ஊசி என்றால் எனக்குத் தையல் போடும் ஊசியும் மருந்து ஏற்றும் ஊசியும்தான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

எலிசபெத் சிம்மர்மன் 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி இங்கிலாந்தில் பிறந்தார். பிறந்தபோது குடும்பப் பெயர் லொயிட் ஜோன்ஸ். தகப்பனார் பிரித்தானியக் கடற்படை அதிகாரி. பின்னலைத் தாயும் சிறியதாய், பெரியதாய்மாரும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பின்னியது ஆங்கில முறையில். அதாவது நூலை வலக்கையில் பிடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் அதை ஊசியைச் சுற்றிப் போட வேண்டும். எமது ரீச்சர் பழக்கியதும் அதுதான். பின்னர் வீட்டில் பாடம் சொல்லித்தர வந்த சுவிற்சர்லாந்துப் பெண் ஒருவர், நூலை இடக்கையில் பிடித்து ஊசி நுனியால் கொக்கி போல் எடுக்கும் ஐரோப்பிய முறையைக் காட்டிக் கொடுத்தார். இதில் கை அசைவு குறைவு, வேகம் அதிகம். எலிசபெத் அதையே வாழ்நாள் முழுவதும் பின்பற்றினார். மணிக்கட்டு நோவென்று என்னிடம் வருபவர்களில் பின்னல்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த இடக்கை முறையைப் பழகிப் பாருங்கள் என்று சொல்வதுண்டு.

இளம் வயதில் ஓவியம் படிக்க லொசானுக்கும் பின்னர் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கும் போனார். மியூனிக்கில் ஆர்னல்ட் சிம்மர்மன் என்ற இளைஞரைச் சந்தித்தார். அவர் மதுபானம் வடிக்கும் தொழிலைக் கற்றவர். அது ஹிட்லர் ஆட்சியைப் பிடித்திருந்த காலம். ஹிட்லரைப் பற்றி ஏளனமாக ஒரு வார்த்தை சொன்னது பிறர் காதில் விழுந்ததால் ஆர்னல்ட் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இருவரும் 1937இல் இங்கிலாந்தில் திருமணம் செய்து, அதே ஆண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

இந்தப் பகுதியை எழுதும்போது உங்களில் எத்தனை பேர் தலையசைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாய் தவறிய ஒரு வார்த்தைக்காக இரவோடிரவாக ஊரை விட்டவர்கள் எங்கள் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். போன இடத்தில் கையில் இருந்த தொழிலை வைத்து மறுபடி தொடங்கியவர்கள் அதைவிட அதிகம். ஆர்னல்டின் கையில் மதுவடிப்பு இருந்தது. எலிசபெத்தின் கையில் அப்போதைக்கு மூன்று பிள்ளைகளும் ஓயாத ஊசிகளும் மட்டுமே இருந்தன. பல இடங்கள் மாறிய பின் அவர்கள் விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வோக்கி நகருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பனி எப்படிக் கொட்டும் என்பதை ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1950களில் அவர் பத்திரிகைகளுக்குச் சுவெற்றர் வடிவங்களை அனுப்பத் தொடங்கினார். ஆரன் சுவெற்றரின் கதை இங்கேதான் வருகிறது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

ஆரன் என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கோல்வே விரிகுடாவின் வாயிலில் இருக்கும் மூன்று சிறு தீவுகள். அங்குள்ள பெண்கள் வெள்ளைக் கம்பளியில் கயிறும் சங்கிலியும் தேன்கூடும் திரண்டு நிற்பது போலப் பின்னிய மேற்சட்டைக்குத்தான் அந்தப் பெயர். அந்தத் திரண்ட கயிறுகளை ஆங்கிலத்தில் கேபிள் என்பார்கள். தேர் இழுக்கும் கயிற்றை நாங்கள் வடம் என்கிறோமே, அதே பொருள்தான். ஆகையால் நான் இனி வடம் என்றே எழுதுகிறேன்.

இந்தச் சட்டையைப் பற்றி ஒரு கதை உலகமெங்கும் உலவுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வடிவம் இருந்ததாம். கடலில் மாண்ட மீனவர்களின் உடல் கரையொதுங்கும்போது சட்டையின் வடத்தைப் பார்த்தே இன்னார் என்று அடையாளம் காண்பார்களாம். கேட்க மனதைப் பிழியும். ஆனால் உண்மையல்ல. ஜோன் மில்லிங்ரன் சிங் என்ற அயர்லாந்து எழுத்தாளர் 1904இல் மேடையேறிய தனது நாடகத்தில், மூழ்கி இறந்தவனை அவன் சகோதரி அடையாளம் காணும் காட்சி ஒன்றை வைத்தார். அவள் அடையாளம் காண்பது வடத்தை வைத்தல்ல. ஒரு சாதாரணக் காலுறையில், தான் பின்னும்போது தவறவிட்ட நான்கு கண்ணிகளை வைத்து. பின்னர் 1930களில் ஹைன்ஸ் கீவ் என்ற வியாபாரி டப்ளினில் ஒரு வெள்ளைச் சுவெற்றரைக் கண்டு, அதற்குப் பழம் சமயச் சின்னங்களின் வரலாற்றையே கட்டி எழுப்பினார். உண்மையில் இந்தச் சட்டைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தத் தீவுகளில் உருப்பெற்றன. கெட்டிக்காரப் பெண்கள் சிலர் அயலூர் மீனவர்களின் சட்டைகளைப் பார்த்து, அதைவிட அழகாகச் செய்து காட்ட முயன்றதன் விளைவு அது. எனக்கு இந்த உண்மைக் கதையே அதிகம் பிடித்திருக்கிறது. ஒரு பெண்ணின் கைத்திறனை ஆயிரம் ஆண்டுப் பழமையாக்கினால் அந்தப் பெண் காணாமல் போய்விடுகிறாள்.

1950களில் ஒரு பிரபல பத்திரிகை, இத்தகைய சுவெற்றர் ஒன்றைப் பின்னித் தரும் வேலையை எலிசபெத்திடம் கொடுத்தது. அமெரிக்காவில் அச்சான முதல் ஆரன் குறிப்பு அவருடன் சேர்ந்ததுதான் என்று பின்னல்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அவருக்கு அதில் ஒரு மனக்குறை. அக்கால வழக்கப்படி சுவெற்றர் என்றால் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று துண்டு துண்டாகப் பின்னிப் பின்னர் தைக்க வேண்டும். எலிசபெத்துக்கு அது பெரும் மடைமை. உடம்பு குழாய் போன்றது, கையும் குழாய் போன்றது, அப்படியானால் சட்டையையும் குழாயாகவே பின்னினால் என்ன என்பது அவருடைய வாதம். இரண்டு நுனிகளையும் ஒரு வளையும் கம்பி இணைக்கும் வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் தையலே வேண்டாம்.

வடப் பின்னலுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். செய்யாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். ஊசியில் ஆறு கண்ணிகள் வரிசையாக நிற்கின்றன என்று வையுங்கள். முதல் மூன்றையும் ஒரு குட்டி ஊசிக்கு மாற்றி, துணியின் முன்னால் தொங்க விடுகிறோம். அடுத்த மூன்றையும் முதலில் பின்னுகிறோம். பிறகு தொங்க விட்ட மூன்றையும் எடுத்துப் பின்னுகிறோம். அவ்வளவுதான். மூன்று பேர் மற்ற மூன்று பேரை முந்திக்கொண்டு இடம் மாறிவிட்டார்கள். குட்டி ஊசியை முன்னால் வைத்தால் வடம் இடப்பக்கம் சாயும், பின்னால் வைத்தால் வலப்பக்கம் சாயும். இதை ஆறு சுற்றுக்கு ஒரு தடவை செய்தால் இறுக்கமான கயிறு, பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை செய்தால் சோம்பேறிக் கயிறு. இரு பக்கமும் பேர்ல் கண்ணிகளை வைத்தால் அவை உள்வாங்கிப் பள்ளமாக நிற்க, வடம் மேடாக எழும்பும். துண்டாகப் பின்னுகிறவர் ஒவ்வொரு இரண்டாவது வரிசையையும் துணியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு, பெரும்பாலும் குருட்டாட்டமாகவே பின்ன வேண்டும். வட்டமாகப் பின்னுகிறவருக்கு முன்புறமே எப்போதும் முகம் காட்டும். எங்கே கடக்க வேண்டும் என்பதைக் குறிப்பைப் பார்த்தல்ல, துணியைப் பார்த்தே அறியலாம்.

இடம் மாறிய அந்த ஒரு சுற்றில் துணி கோணலாக, பிழையாகத்தான் தெரியும். இரண்டு சுற்றுக்குப் பிறகே கயிறு முறுக்கேறிக் கிளம்பும். எத்தனையாவது தடவையானாலும் அந்தக் கணத்தில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். முகுளத்தில் நரம்புகள் இடம் வலமாக மாறிக் கடந்து போவதை முதன்முதலில் உடற்கூற்றுப் படத்தில் பார்த்தபோதும் இப்படித்தான் சிரித்தேன்.

1958இல் நடந்ததுதான் எலிசபெத்தின் வாழ்க்கையைத் திருப்பியது. அவர் வட்டமாகப் பின்னும் முறையில் எழுதி அனுப்பிய ஒரு சுவெற்றர் குறிப்பை, பத்திரிகைக்காரர் ஒருவர் அவரைக் கேளாமலே துண்டு துண்டாகப் பின்னும் முறைக்கு மாற்றி அச்சிட்டுவிட்டார். வாசகிகளுக்குப் பழக்கமானது அதுவே என்று நினைத்திருக்கலாம். எலிசபெத் வாக்குவாதம் செய்து காலத்தைப் போக்கவில்லை. தானே ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். தட்டச்சில் அடித்து, படம் வரைந்து, தபாலில் அனுப்பும் சில பக்கங்கள். முதல் இதழில் தன்னுடைய குறிப்பைத் தான் விரும்பியபடியே வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 48. எனக்கும் ஏறக்குறைய அந்த வயது நெருங்குகிறது. புதிதாக எதையும் தொடங்கக் காலம் கடந்துவிட்டது என்று சலிக்கும் நாட்களில் இந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்வேன்.

செய்தித்தாளைத் தொடர்ந்து, நல்ல கம்பளி நூலையும் வட்ட ஊசிகளையும் தபாலில் விற்கும் சிறு வியாபாரம். கணவனும் மனைவியுமாக விஸ்கொன்சினில் ஒரு பழைய ஓரறைப் பாடசாலைக் கட்டடத்தை வாங்கி வீடாக்கினார்கள். வியாபாரத்துக்கும் பாடசாலை என்ற சொல்லையே பெயராக வைத்தார். பழைய மாணவிகளாகிய எங்களுக்கு இதைக் கேட்கச் சந்தோசமாக இருக்காதா? 1960களில் பொதுத் தொலைக்காட்சியில் பின்னல் வகுப்பு நடத்தினார். 1971இல் கண்ணீர் இல்லாமல் பின்னுவது என்ற பொருள்படும் தலைப்பில் அவரது முதல் நூல் வந்தது. 1974இல் மாதத்துக்கு ஒரு வேலையாகப் பன்னிரண்டு மாதங்களுக்கும் எழுதிய பஞ்சாங்கம் போன்ற நூல். ஜனவரி மாதத்துக்குரிய வேலை எது தெரியுமா? ஆரன் சுவெற்றர். விஸ்கொன்சின் ஜனவரியில் வீட்டை விட்டு வெளியே போக முடியாத நாட்களுக்கு நீண்ட, சிக்கலான வேலையே உகந்தது என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். டிசம்பருக்கோ நத்தார் நெருக்கடியில் விரைவாக முடியும் சுவெற்றர். இப்படி ஊசியின் வேலையைப் பருவத்தோடு பொருத்திப் பார்த்தவர், வயலில் விதைப்பவரைப் போலத்தான் எனக்குத் தோன்றுகிறார். அதே 1974இல் ஆண்டுதோறும் கூடும் பின்னல் முகாமையும் தொடங்கினார். ஆர்னல்டின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டும் அவர் பின்னுவார். இதை எந்தப் பிள்ளைக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை.

அவர் கண்டுபிடித்தவை ஒன்றிரண்டல்ல. ஆனால் கண்டுபிடித்தேன் என்று சொல்ல அவருக்கு விருப்பமில்லை. எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ ஒரு பெண் இதை ஏற்கெனவே செய்திருப்பாள், தான் அதை மீட்டெடுத்தது மட்டுமே என்பது அவர் எண்ணம். அதற்கென்றே ஒரு சொல்லையும் உருவாக்கினார். கைக்குழந்தைக்கான சட்டை ஒன்று இருக்கிறது. பின்னி முடிக்கும்போது அது ஒரு விகாரமான தட்டைத் துண்டு. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கை என்றே தெரியாது. சரியான இடத்தில் மடித்தால் திடீரென்று சட்டையாகிவிடும். தோளில் மட்டும் இரண்டு தையல். எங்கள் வைத்தியசாலையின் பிரசவ விடுதித் தாதியர் இருவருக்கு இதைக் காட்டினேன். மூன்று முறை மடித்து விரித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள். இன்னொன்று வட்டமான சால்வை. ஒன்பது கண்ணிகளில் தொடங்கி, 3, 6, 12, 24, 48 சுற்றுகள் கழிய ஒவ்வொரு முறையும் கண்ணிகளை இரட்டிப்பாக்கிக்கொண்டு போனால் சால்வை தட்டையாக விரியும். ஆரை இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற ஒன்பதாம் வகுப்புக் கணிதம்தான். கணித ரீச்சர் இதை அன்றே சொல்லியிருந்தால் நான் இன்னும் பத்துப் புள்ளி கூட எடுத்திருப்பேன்.

இவை எல்லாவற்றிலும் என் வாழ்க்கைக்கு உதவியது அவருடைய நூற்றுவீதக் கணக்கு. அதைச் சொல்வதற்கு முன் என் வெட்கத்தையும் சொல்ல வேண்டும்.

அப்பா கனடாவுக்கு வந்த முதல் மாரியில் வீட்டுக்குள்ளேயே மூன்று சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர், எதையும் வாய் திறந்து கேட்க மாட்டார். நான் தொழிலில் சேர்ந்த புதிது. அவருக்கு என் கையால் வடம் வைத்த சுவெற்றர் ஒன்று பின்ன வேண்டும் என்று பிடிவாதம். வெற்றுச் சுவெற்றர் ஒன்றின் குறிப்பை எடுத்து, அதன் நடுவில் எனக்குப் பிடித்த வடங்களைச் செருகினேன். அங்குலத்துக்கு 5 கண்ணிகள், 40 அங்குலச் சட்டைக்கு 200 கண்ணிகள் என்று குறிப்புச் சொன்னது. நானும் 200 கண்ணிகள் ஏற்றினேன். ஐந்து மாதம் இரவுக் கடமைகளுக்கு இடையே பின்னினேன். ஒவ்வொரு வரியையும் குறிப்புப்படி செய்து பழகிய கை, கேள்வி கேட்கவில்லை. முடித்துக் கொடுத்தபோது அப்பாவின் தலை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. எப்படியோ இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைத் தூக்க முடியாமல், நல்ல சூடாக இருக்குது பிள்ளை என்று சொல்லி இரவுச் சாப்பாடு வரை அப்படியே இருந்தார். தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக அவர் குனிந்த விதத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

வடம் துணியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருக்கும். கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது இடம் குறைவதில் என்ன அதிசயம்? அளந்து பார்த்தேன். அங்குலத்துக்கு 6 கண்ணிகள் வந்திருந்தன. 200ஐ ஆறால் பிரித்தால் 33 அங்குலத்துக்குச் சற்று மேல். நான் ஐந்து மாதம் செய்த பிழை ஒரு வரி வகுத்தலில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் எலிசபெத்தின் நூல் ஒன்று கிடைத்தது. ஒன்றரை டொலர். அன்று இரவே வாசித்து முடித்தேன். அவர் சொல்வது மிக எளிது. மற்றவரின் கண்ணிக் கணக்கை நம்ப வேண்டாம். உன் நூலில், உன் ஊசியில், உன் கை இறுக்கத்தில் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று நீயே அள. சட்டை எத்தனை அங்குலம் வேண்டுமோ அதனால் பெருக்கு. அந்த எண்ணிக்கையே நூறு வீதம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கும். மணிக்கட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு. மேற்கைக்கு மூன்றில் ஒரு பங்கு. கழுத்துக்கு நாற்பது வீதம். அக்குளில் இணைக்க எட்டு வீதம். அளக்கும் மாதிரித் துண்டைச் சதுரமாகப் பின்னி எறிவதற்குப் பதில் ஒரு தொப்பியாகப் பின்னு, அளவும் தெரியும், தொப்பியும் மிஞ்சும் என்பது அவர் யோசனை. தன் பின்னலுக்குப் பின்னுகிறவளே எஜமானி என்பதுதான் அவர் எழுத்தின் சாரம்.

ஒரு வைத்தியராக எனக்கு இதில் ஓர் உறுத்தலும் இருந்தது. வழிகாட்டிக் குறிப்புகளை மீறாதே என்பதுதான் எங்கள் பயிற்சி. அதில் நியாயமும் இருக்கிறது, மருந்தின் அளவை மனம்போல் மாற்ற முடியாது. ஆனால் குறிப்பைப் பார்ப்பவர் எதிரில் இருக்கும் ஆளையும் பார்க்க வேண்டாமா? அப்பாவின் மார்பை நான் அளக்கவே இல்லை.

வடம் வைத்த தொப்பி ஒன்று பின்னி, அங்குலத்துக்கு 6 என்று உறுதிசெய்து, 40 அங்குலத்துக்கு 240 கண்ணிகள் ஏற்றினேன். மணிக்கட்டுக்கு 48, மேற்கைக்கு 80, கழுத்துக்கு 96. எண்கள் இப்படி வழுக்கிக்கொண்டு விழுந்ததிலேயே பாதிச் சந்தோசம். சட்டை பொருந்தியது. அப்பா அதைப் பதினொரு மாரிகள் போட்டிருக்கிறார். தொப்பியை அம்மா எடுத்துக்கொண்டா.

அதற்குப் பிறகு எனக்கு எங்கும் வடமாகவே தெரிகிறது. அடுத்து என்ன பின்னலாம் என்று புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. எமது பாடசாலையின் இரட்டைப் பின்னலையே எடுங்கள். மூன்று பிரி. ஒன்பது கண்ணிகளில் முதல் ஆறை இடப்பக்கம் சாய்த்துக் கடக்க வேண்டும். நான்கு சுற்றுக் கழிய, கடைசி ஆறை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். மாறி மாறிச் செய்தால் எண்ணெய் தேய்த்து வாரிக் கட்டிய அதே பின்னல் துணியில் இறங்கி வரும். நுனியில் நாடா மட்டும்தான் குறை. வேலியில் கட்டிய கிடுகு, பனையோலைப் பெட்டியின் விளிம்பு, கிணற்றடித் துலாக் கயிறு, அம்மாவின் முறுக்குச் சங்கிலி எல்லாமே கொப்பியில் கோடு போட்டுக் குறித்துவைத்த வேலைகள். புள்ளி வைத்து இழுக்கும் சிக்குக் கோலம்தான் எல்லாவற்றிலும் கடினம். கோடு எங்கே மேலால் போகிறது, எங்கே கீழால் போகிறது என்று கோலம் சொல்லாது, நாங்களே முடிவு செய்ய வேண்டும். அதில் இரண்டு தடவை தோற்றுவிட்டேன். நாலு புள்ளிக் கோலத்தோடு மூன்றாம் தடவை இப்போது மேசையில் கிடக்கிறது.

எலிசபெத் 1989இல் தன் வாழ்க்கையையும் பின்னலையும் கலந்து எழுதிய நூலை வெளியிட்டார். அத்தோடு பொது வேலைகளிலிருந்து ஒதுங்கினார். மகள் மெக் சுவான்சன் வியாபாரத்தையும் முகாமையும் தொடர்ந்து நடத்தினார். 1999ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி, 89 வயதில், விஸ்கொன்சினிலேயே எலிசபெத் காலமானார். நியூயோர்க்கின் பெரிய பத்திரிகை அவருக்கு நீண்ட இரங்கற் குறிப்பு எழுதியது. பின்னல்காரி ஒருவருக்கு அது கிடைப்பது அபூர்வம்.

சென்ற கார்த்திகையில் அப்பாவின் சுவெற்றரின் முழங்கை தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஒட்டுப் போடாமல் புதிதாகவே பின்னுவோம் என்று அளவு நாடாவை எடுத்தேன். எலிசபெத் சொன்னபடி ஆளை நேரில் அளந்தேன். முன்பு மார்பளவு 38 அங்குலம். இப்போது 34. கையைத் தூக்கச் சொல்லி இன்னொரு தடவை அளந்தேன், அதே 34. வாராவாரம் பார்க்கிற முகத்தில் நான் காணாததை நாடா காட்டியது. அல்லது காணாதது போல் இருந்திருக்கிறேன். பிள்ளை என்ன, பிழையாய் அளக்கிறியோ என்று அப்பா கேட்டார். இல்லையப்பா, சரியாத்தான் அளந்தன் என்றேன். அடுத்த நாளே அவருடைய வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். பரிசோதனைகள் நடக்கின்றன. ஒவ்வொரு முடிவுக்காகவும் காத்திருக்கும் இரவுகளில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

கம்பளி அதே வகை, நிறம் மட்டும் கருநீலம், அவரே தெரிவு செய்தது. 36 அங்குலம், அங்குலத்துக்கு 6, ஆக 216 கண்ணிகள். மணிக்கட்டுக்கு 43, மேற்கைக்கு 72. முன்பு 24 கண்ணிகள் கொண்ட பத்துப் பட்டிகள் வைத்த இடத்தில் இப்போது ஒன்பது பட்டிகள். நேற்று இரவு முதலாவது கடவைச் சுற்றை முடித்துவிட்டேன். துணி இன்னும் கோணலாகத்தான் தெரிகிறது. வடம் எழும்ப இன்னும் இரண்டு சுற்று வேண்டும்.